காப்ளர்: விருந்துக்கு வைக்கப்படாத ஒரு பழப் பலகாரத்தின் வரலாறு

1839ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'கென்டக்கி இல்லத்தரசி' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. எழுதியவர் லெட்டிஸ் பிரையன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகள் கொண்ட அந்தத் தடித்த நூலில், பீச் பழத்தைப் பானையில் இட்டுச் செய்யும் ஒரு பலகாரமும் இடம்பெற்றுள்ளது. இதைக் காப்ளர் என்றும் பலர் சொல்வதுண்டு என்று குறிப்பிடும் பிரையன், செய்முறையை விவரித்து முடித்த பிறகு தம் கருத்து ஒன்றையும் சேர்க்கிறார். விருந்தாளிகள் முன் வைக்கும் அளவுக்கு இது நாகரிகமான பண்டம் அல்ல, ஆனால் வீட்டார் உண்பதற்கு மிகவும் அருமையானது, குளிர்ந்த பாலோடு சாப்பிடலாம் என்பது அதன் சாரம்.

விருந்தாளிக்கு வைக்கத் தயங்கிய அதே பண்டத்தை 2013ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ இனிப்புகளில் ஒன்றாக அறிவித்தது. இன்று அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கோடைக்கால உணவு என்றதும் பலர் நினைவுக்கு வருவது பீச் காப்ளர்தான். இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றைப் பார்த்தால், இந்தப் பண்டத்தின் வரலாறு சமையலறைக்குள் மட்டும் அடங்குவதில்லை என்பது தெரியும். யாரிடம் அடுப்பு இருந்தது, யாரிடம் நிலம் இருந்தது, யாருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்ற கேள்விகளும் அதனோடு சேர்ந்தே வருகின்றன.

காப்ளர் என்பது என்ன?

இன்றைய வழக்கில், நறுக்கிய பழத்தைச் சர்க்கரையோடு ஓர் ஆழமான தட்டில் பரப்பி, அதன்மேல் மாவுருண்டைகளை இடைவெளி விட்டு வைத்து, ஓவனில் சுட்டெடுப்பதே காப்ளர். அடியில் பழம் குழைந்து பாகாகும். மேலே மாவு பொன்னிறமாக வெந்து நிற்கும். பழம் பெரும்பாலும் பீச் ஆக இருக்கும். பிளாக்பெரி, புளூபெரி, செர்ரி, ஆப்பிள், பிளம்ஸ் ஆகியவற்றிலும் செய்வார்கள்.

மேலே இடப்படும் மாவை அமெரிக்கர்கள் 'பிஸ்கட் மாவு' என்பார்கள். தேநீரில் தொட்டுத் தின்னும் நம் பிஸ்கட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே பிஸ்கட் என்பது வெண்ணெயும் மோரும் சேர்த்துச் சுட்ட, உள்ளே மெத்தென்று இருக்கும் சிறிய ரொட்டி. ஆங்கிலேயர்கள் 'ஸ்கோன்' என்று சொல்வதற்கு அது நெருக்கமானது.

காப்ளருக்கு உறவினர்கள் பலர் உண்டு. எல்லாவற்றின் பெயரும் கேலிப் பெயர் போலவே ஒலிக்கும். நியூ இங்கிலாந்துப் பகுதியில் அடுப்பின்மேல் மூடி வைத்து ஆவியில் வேகவிடுவதை 'கிரன்ட்' என்கிறார்கள். உறுமல் என்று பொருள். பழம் கொதிக்கும்போது எழும் ஒலியால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். அதற்கே 'ஸ்லம்ப்' என்றும் ஒரு பெயர். தட்டில் போட்டதும் சரிந்து விழுவதால் அப்படி ஆயிற்றாம். எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் தாம் வாழ்ந்த ஆர்ச்சர்ட் ஹவுஸ் வீட்டையே வேடிக்கையாக 'ஆப்பிள் ஸ்லம்ப்' என்று குறிப்பிட்டார். வட கரோலினாவில் 'சோங்கர்' என்ற வகை உண்டு. 'பேன்டவுடி', 'பக்கிள்', 'பிரவுன் பெட்டி' என்று இந்தக் குடும்பம் நீண்டுகொண்டே போகும். ஒன்றுக்கொன்று வேறுபாடு என்ன என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு விடை கிடைக்கும்.

பெயர்

ஆங்கிலத்தில் காப்ளர் என்றால் செருப்புத் தைப்பவர். அந்தத் தொழிலுக்கும் இந்த இனிப்புக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக யாரும் நிறுவவில்லை. கிடைத்ததைக் கொண்டு அவசரமாக ஒட்டுப்போட்டு ஒன்றைச் செய்து முடிப்பதற்கும் அதே வேர்ச்சொல் ஆங்கிலத்தில் வழங்குவதால், அவசரப் பலகாரம் என்ற பொருளில் பெயர் வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. மேலே புடைத்து நிற்கும் மாவுருண்டைகள் கல் பாவிய தெருவைப் போலத் தோன்றுவதால் வந்தது என்பது இன்னொரு கருத்து. உருண்டைக் கற்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதை ஒத்தே ஒலிக்கிறது.

கேட்க அழகாக இருந்தாலும் இரண்டாவது விளக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரையன் விவரிக்கும் காப்ளரில் உருண்டைகளே இல்லை. தட்டையாகத் தேய்த்த மாவால் பானையின் உட்புறத்தை மூடி, பழத்தை இட்டு, மேலேயும் ஒரு மாவுத் தகட்டைப் போர்த்துகிறார். 1859இல் வெளிவந்த ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட்டின் அமெரிக்க வழக்குச் சொல் அகராதியும், மிகத் தடிமனான மாவு விரித்த பானையில் பழத்தை இட்டுச் சுடும் பண்டம் என்றே காப்ளரை விளக்குகிறது. மேற்குப் பகுதி வழக்கு என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. ஆகவே கல் பாவிய தெருவின் தோற்றம் பெயருக்குப் பின்னால் வந்த ஒன்று என்றே எண்ணத் தோன்றுகிறது.

இதே பெயரில் ஒரு பானமும் இருந்தது. ஷெர்ரி திராட்சை மதுவில் சர்க்கரையும் பழத்துண்டும் பொடித்த பனிக்கட்டியும் சேர்த்து உறிஞ்சுகுழலால் குடிப்பது அது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44இல் எழுதிய நாவல் ஒன்றில் அது வருகிறது. பானத்துக்கும் பலகாரத்துக்கும் பெயர் எப்படிப் பொதுவாயிற்று என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

ஓவன் இல்லாத வீடு

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் தங்களோடு 'பை' செய்யும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். (நாம் தூக்கிச் செல்லும் பை அல்ல. மாவுக் கூட்டுக்குள் பழமோ இறைச்சியோ வைத்துச் சுடும் பண்டம்.) நல்ல பை சுட வேண்டுமானால் மெல்லியதாகத் தேய்க்கத்தக்க மாவு, அதற்கேற்ற ஆழமில்லாத தகரத் தட்டு, நான்கு பக்கமும் ஒரே சீரான சூடு ஆகிய மூன்றும் தேவை. சீரான சூட்டுக்குச் செங்கல்லால் கட்டிய ஓவன் வேண்டும். அதைச் சூடேற்றவே பல மணி நேரம் விறகு எரிக்க வேண்டும். ஊரை விட்டு மேற்கே நகர்ந்து, காட்டைத் திருத்தி மரக்குடிசை போட்டவர்களிடம் இவை ஏதும் இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது கணப்பும் ஓர் இரும்புப் பானையும்.

அந்தப் பானைக்கு டச்சு ஓவன் என்று பெயர். 1707ஆம் ஆண்டு ஆபிரகாம் டார்பி என்ற ஆங்கிலேயர் மணல் அச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இரும்புப் பானைகளின் விலை குறைந்து, எளிய வீடுகளுக்கும் எட்டியது. அமெரிக்கர்கள் பயன்படுத்திய வகையில் மூன்று குட்டைக் கால்கள் இருக்கும். கால்களுக்கிடையே தணலைத் தள்ளிவிடலாம். மூடி தட்டையாக, ஓரத்தில் விளிம்பு எழும்பி இருக்கும். அந்த விளிம்புக்குள் தணலைக் கொட்டினால் சரிந்து விழாது. தம் பிரியாணிக்கு மூடியின்மேல் கங்கு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தந்திரம் உடனே விளங்கும். அடியிலிருந்தும் மேலிருந்தும் சூடு கிடைத்தால் பானையே ஓவன் ஆகிவிடுகிறது.

பிரையனின் குறிப்பை இந்தப் பானையை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கொட்டையோடு சதை ஒட்டியிருக்கும் பீச் வகையை அவர் எடுத்துக்கொள்கிறார். நன்கு பழுத்த பழங்களைத் தோல் சீவி, கொட்டையிலிருந்து நறுக்கி எடுத்துப் போடச் சொல்கிறார். கை நிறையப் பழுப்புச் சர்க்கரை. பழம் தீய்ந்துவிடாத அளவுக்குத் தண்ணீர். ஆனால் வெந்து முடியும்போது சாறு அதிகம் மிஞ்சக் கூடாது. வேகும்போது அவ்வப்போது மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கணக்கெல்லாம் கண்ணிலும் கையிலும்தான் இருக்கிறது. வெந்ததும் மாவைப் பெரிய தட்டில் தலைகீழாகக் கவிழ்த்து, பழத்தை அதன்மேல் பரப்பி, கட்டிச் சர்க்கரையைத் துருவித் தூவ வேண்டும். ஆழமான பானைக்குள் இருந்து அழகாக வெட்டி எடுக்க முடியாது என்பதால்தான் இந்தக் கவிழ்ப்பு. அழகாக வெட்ட முடியாத பண்டம் விருந்துக்கு ஆகாது என்று அவர் நினைத்ததன் காரணமும் இதுவாகவே இருக்கலாம்.

1840களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் ஓரிகன், கலிபோர்னியா நோக்கிச் சென்றபோது இந்தப் பானையும் உடன் சென்றது. வழியில் புதுப்பழம் கிடைப்பது அரிது. எனவே உலர்த்திய ஆப்பிளையும் பீச்சையும் ஊறவைத்துச் சமைத்தார்கள். 1866இல் டெக்சஸ் கால்நடைப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் ராணுவ வண்டி ஒன்றை நடமாடும் சமையலறையாக மாற்றினார். மாடுகளை ஓட்டிச் செல்வோருக்குச் சோறு போட்ட அந்த வண்டிகளிலும் உலர்பழக் காப்ளர் செய்யப்பட்டது. இன்றும் அமெரிக்கச் சாரணர் முகாம்களில் டச்சு ஓவனில் காப்ளர் செய்வது வழக்கமாக இருக்கிறது.

பீச் வந்த வழி

தென் மாநிலங்களின் சொந்தப் பழமாக இன்று கருதப்படும் பீச் உண்மையில் சீனாவைச் சேர்ந்தது. பாரசீகம் வழியாக ஐரோப்பாவை அடைந்ததால் அதன் அறிவியல் பெயரிலும் பாரசீகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள்.

கண்டத்தின் உட்பகுதிகளில் அதைப் பரப்பியவர்களோ ஐரோப்பியர்கள் அல்லர். பூர்வகுடி மக்கள் கொட்டையிலிருந்து எளிதில் முளைத்து மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும் இந்த மரத்தை விரும்பி ஏற்றுக்கொண்டு, ஊர் ஊராக நட்டார்கள். ஐரோப்பியக் குடியேற்றம் எட்டுமுன்பே பீச் அங்கே எட்டியிருந்தது. 1683இல் பென்சில்வேனியாவைப் பற்றி எழுதிய கடிதத்தில் வில்லியம் பென், பீச் இல்லாத பூர்வகுடித் தோட்டமே இல்லை என்று வியக்கிறார். அது அந்த மண்ணுக்கே உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்பது தமக்குத் தெரியவில்லை என்றும் எழுதுகிறார். வந்து நூறாண்டு சொச்சத்திலேயே, பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் எழும் அளவுக்கு அந்த மரம் மண்ணோடு கலந்துவிட்டது.

அந்தத் தோட்டங்களில் பல வெட்டி வீழ்த்தப்பட்டன. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779இல், ஜெனரல் ஜான் சல்லிவன் தலைமையிலான படை நியூயார்க் பகுதியில் இருந்த இரோகுவா மக்களின் ஊர்களை எரித்தது. பழத்தோட்டங்களால் 'பீச் டவுன்' என்றே பெயர்பெற்றிருந்த கயூகா மக்களின் ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழமரங்கள் வெட்டப்பட்டன. 1864இல் தென்மேற்கில் நவஹோ மக்களை அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றும் போரில், கேனியன் டி ஷே பள்ளத்தாக்கில் இருந்த ஆயிரக்கணக்கான பீச் மரங்களை அமெரிக்கப் படை வீரர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். மக்களைப் பட்டினி போட்டுப் பணிய வைப்பதே நோக்கம். சோளத்தை எரித்தால் அடுத்த ஆண்டு விதைக்கலாம். மரத்தை வெட்டினால் பல ஆண்டுகளின் உழைப்பு போய்விடும் என்பது வெட்டியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1868 உடன்படிக்கைக்குப் பின் ஊர் திரும்பிய நவஹோ குடும்பங்கள் மீண்டும் பீச் நட்டன. அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் பீச் மரங்கள் இருக்கின்றன.

கென்டக்கியில் பிரையன் தம் குறிப்பை எழுதிய 1839க்கும் நவஹோ தோட்டங்கள் அழிந்த 1864க்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள்தான். ஒரு பக்கம் பீச் வீட்டுப் பலகாரமாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு பக்கம் அதை வளர்த்தவர்களின் தோட்டம் போர்க்களமாகியிருந்தது. சமையல் நூல்களில் இந்தப் பகுதி இடம்பெறுவதில்லை.

ஜார்ஜியா மாநிலம் பீச்சுக்குப் பெயர்போனது அதற்கும் பிறகுதான். உள்நாட்டுப் போருக்குப்பின் பருத்தியை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலையில், மார்ஷல்வில் ஊரைச் சேர்ந்த சாமுவேல் ரம்ப் என்பவர் 1870களில் 'சைனீஸ் கிளிங்' என்ற வகையின் கொட்டையிலிருந்து ஒரு புதிய பீச் வகையை உருவாக்கினார். தம் மனைவி கிளாரா எல்பர்ட்டாவின் நினைவாக அதற்கு 'எல்பர்ட்டா' என்று பெயரிட்டார். நெடுந்தூரம் அனுப்பினாலும் நசுங்காத சதை என்பதால் ரயிலில், பனிக்கட்டி வைத்த பெட்டிகளில் நியூயார்க்வரை போயிற்று. பருத்தி வேலை சற்று ஓயும் கோடை மாதங்களில் பீச் பறிப்பு வந்ததால், அந்தத் தோட்டங்களில் குறைந்த கூலிக்குப் பறித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். நல்ல பழங்கள் பெட்டியில் ஏறின. அடிபட்டவையும் மிகப் பழுத்தவையும் உள்ளூரில் தங்கின. காப்ளருக்கு ஏற்றவை அவைதாம். இன்றைக்கு அமெரிக்காவில் பீச் விளைச்சலில் முதலிடம் கலிபோர்னியாவுக்கு. ஜார்ஜியாவை அண்டை மாநிலமான தென் கரோலினாவும் முந்துகிறது. ஆனாலும் பீச் மாநிலம் என்ற பட்டப்பெயர் ஜார்ஜியாவை விட்டுப் போகவில்லை.

எழுதத் தெரியாதவர் எழுதிய நூல்

பிரையன் எழுதிய காலத்தில் கென்டக்கி அடிமை முறை நிலவிய மாநிலம். தென் பகுதியின் வசதியான வீடுகளில் சமையல் நூலை வைத்திருந்தவர் எஜமானி. கணப்பின் முன் குனிந்து தணலைத் தள்ளியவர் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண். அவருக்கு எழுத்துக் கற்பிப்பதைப் பல தென் மாநிலங்கள் சட்டம் போட்டே தடுத்திருந்தன. ஆகவே, சூடு எவ்வளவு, சாறு எவ்வளவு என்பதைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தவர்களின் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை.

இந்த நிலையில் 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்த ஒரு சிறு நூல் தனிக் கவனத்துக்குரியது. பழைய தென்பகுதிச் சமையலைப் பற்றித் திருமதி ஃபிஷருக்குத் தெரிந்தவை என்பது தலைப்பின் பொருள். ஆசிரியர் ஆபி ஃபிஷர், தென் கரோலினாவில் அடிமை முறைக்குள் பிறந்தவர். அலபாமாவின் மொபைல் நகரில் வாழ்ந்து, பின் குடும்பத்தோடு மேற்குக் கரைக்கு வந்தவர். ஊறுகாயும் பழப்பாகும் செய்து விற்று, கண்காட்சிகளில் பதக்கங்கள் வாங்கியவர். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததை நூலிலேயே பெருமையாகச் சொல்கிறார். அவருக்கும் கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. முன்னுரையில் அதை ஒளிக்காமல் சொல்கிறார்.

எனவே அவர் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதினார்கள். எழுதியவர்களுக்குத் தென்பகுதியின் உச்சரிப்பும் உணவும் பழக்கமில்லை. 'ஜம்பலாயா' என்ற சோற்று உணவு 'ஜம்பர்லி' ஆயிற்று. சோளமும் அவரையும் சேர்த்துச் செய்யும் 'சக்கோடாஷ்' என்ற பூர்வகுடி உணவு 'சர்க்யூட் ஹாஷ்' என்று அச்சேறியது. படிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பிழைகள் வழியாகத்தான் ஃபிஷரின் குரல் நமக்குக் கேட்கிறது. திருத்தமான நூலாக இருந்திருந்தால் அந்த ஒலி தப்பியிருக்காது.

அந்த நூலில் பீச் காப்ளர் உண்டு. அது ஒரு முக்கியமான சான்று. ஏட்டில் இல்லாமல் கையிலிருந்து கைக்கு வந்த செய்முறை, அதைச் செய்துவந்தவரின் பெயரோடு முதன்முறையாக அச்சேறிய தருணங்களில் இதுவும் ஒன்று. ஃபிஷரின் நூலே கறுப்பினப் பெண் எழுதிய முதல் சமையல் நூல் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பிறகு, டென்னசியில் வாழ்ந்த மலிண்டா ரஸ்ஸல் என்ற பெண் 1866இல் மிச்சிகன் மாநிலத்தின் பா பா ஊரில் வெளியிட்ட நூல் கிடைத்தது. ரஸ்ஸல் இனிப்புக் கடை நடத்திச் சேர்த்த பணத்தைக் கொள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்து, ஊரை விட்டு வந்தவர். திரும்பிப் போகப் பணம் சேர்ப்பதற்காகவே நூலை வெளியிட்டார்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஞாயிற்றுக்கிழமை விருந்துகளிலும் தேவாலயக் கூடுகைகளிலும் பீச் காப்ளர் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லட்சக்கணக்கானோர் தென் மாநிலங்களை விட்டுச் சிகாகோ, டெட்ராய்ட் போன்ற வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அதுவும் அவர்களோடு போயிற்று. அங்கே புதுப் பீச் எல்லாக் காலத்திலும் கிடைக்காது. 1858இல் ஜான் மேசன் காப்புரிமை பெற்ற திருகு மூடிக் கண்ணாடி ஜாடிகளும், கலிபோர்னியாவின் தகர டப்பாப் பழங்களும் அந்தக் குறையைத் தீர்த்தன. கோடைப் பலகாரம் கிறிஸ்துமஸ் மேசைக்கும் வந்தது இப்படித்தான்.

அடிமாவு போய் மேல்மாவு வந்த கதை

பானையின் அடியிலும் விரித்த தடித்த மாவு எப்போது மறைந்தது, மேலே மட்டும் வைக்கும் உப்பிய மாவு எப்படி வந்தது என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். என் கருத்தில் இதற்கான விடை வேதியியலில் இருக்கிறது.

ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்காமல் மாவை உப்ப வைக்க அமெரிக்கர்கள் முதலில் நம்பியது விறகுச் சாம்பல். சாம்பலைக் கரைத்து வடித்துக் காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். அதை மேலும் சுத்தப்படுத்தினால் 'பேர்ல்ஆஷ்' என்ற வெண்ணிற உப்பு. காடு அழித்த நாட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே, 1790இல், பொட்டாஷும் பேர்ல்ஆஷும் காய்ச்சும் முறைக்காகச் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்குக் கிடைத்தது. அடுத்து 1796இல் அமெலியா சிம்மன்ஸ் எழுதிய சமையல் நூலில் பேர்ல்ஆஷ் மாவில் சேர்ந்தது. புளித்த மோரோடு அது கலக்கும்போது கரியமில வாயு வெளிப்பட்டு மாவு உப்பும். பின் சமையல் சோடா பரவியது. 1850களின் இறுதியில் ஹார்வர்டு வேதியியலாளர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு, அமிலமும் சோடாவும் ஒன்றாகச் சேர்ந்த பேக்கிங் பவுடரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

இதனால் மெத்தென்ற பிஸ்கட் மாவை யாரும் பத்து நிமிடத்தில் பிசையலாம் என்றாயிற்று. அது பழத்தின்மேல் இருந்தால் ஆவியில் அடிப்பகுதி மென்மையாகவும், ஓவனின் சூட்டில் மேற்பகுதி மொறுமொறுப்பாகவும் வேகும். பழச்சாற்றுக்கு அடியில் இருந்தால் களியாகிவிடும். இரும்பு அடுப்புகள் வீடுகளுக்கு வந்து ஓவன் எல்லோருக்கும் எட்டியபோது ஆழமான பானையும் தேவைப்படவில்லை. 1931இல் சந்தைக்கு வந்த 'பிஸ்குவிக்' போன்ற ஆயத்த மாவுப் பொட்டலங்கள் வேலையை இன்னும் குறைத்தன. இருபதாம் நூற்றாண்டில் மூன்றாவதாக ஒரு வகையும் பரவியது. ஒரு கோப்பை மாவு, ஒரு கோப்பை சர்க்கரை, ஒரு கோப்பை பால் கலந்து, உருக்கிய வெண்ணெயில் ஊற்றி, மேலே பழத்தைப் போடுவது அது. வேகும்போது கரைசல் எழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளும். இதில் மாவுதான் முதலில் அடியில் இருக்கிறது. தென்பகுதி வீடுகளில் இது உண்மையான காப்ளரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அளவு மனப்பாடமாக நிற்பதால் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

வீட்டில் செய்யும் முறை

பிஸ்கட் மாவு வைத்துச் செய்யும் வகையின் முறை கீழே. நம்மூரில் நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் கோடையில் பீச்சும் பிளம்ஸும் கிடைக்கும். இரண்டும் ஏற்றவை.

நன்றாகப் பழுத்த பீச் ஒரு கிலோ எடுத்து, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் கையோடு வந்துவிடும். கொட்டை நீக்கித் துண்டுகளாக்கி, 100 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி சோள மாவு, அரை எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு கலக்கவும். பழம் புளிப்பாக இருந்தால் சர்க்கரையைக் கூட்டலாம். ஆழமான பாத்திரத்தில் பரப்பி, முன்பே 190 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் பத்து நிமிடம் வைக்கவும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கக் கூடாது. பழம் சூடேறாமல் மாவை வைத்தால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் பச்சையாகவே நின்றுவிடும். வீட்டில் செய்வோர் அதிகம் தவறுவது இங்கேதான்.

அதற்குள் 150 கிராம் மைதாவில் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, 75 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் பிசறி, புட்டு மாவின் பதத்துக்குக் கொண்டுவரவும். 100 மில்லி குளிர்ந்த பாலை ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் இறுகிவிடும். சூடான பழத்தின்மேல் கரண்டி கரண்டியாக, இடையே ஆவி வெளியேற வழிவிட்டு வைக்கவும். மீண்டும் ஓவனில் முப்பது முதல் நாற்பது நிமிடம். ஓரங்களில் பாகு கெட்டியாகக் குமிழியிட வேண்டும், மாவு நன்கு பொன்னிறமாக வேண்டும்.

எடுத்த உடனே பரிமாறினால் சாறு தண்ணீராக ஓடும். இருபது நிமிடமாவது ஆறவிட்டால் தானே இறுகும். இப்போது பலர் வெனிலா ஐஸ்கிரீம் வைத்துத் தருகிறார்கள். பிரையன் சொன்னபடி குளிர்ந்த பாலை ஊற்றிச் சாப்பிட்டாலும் நன்றாகவே இருக்கும்.